அமைதியான வயல்

அவள் கயிற்றை இழுத்தாள். சத்தம் வரவில்லை.

மறுபடி இழுத்தாள். வரப்பு நெடுக நட்டிருந்த மூங்கில் கம்புகள் ஆடின. கம்புகளில் தொங்கிய தகர டப்பாக்களும் ஆடின. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

சில்லைக் குருவிகள் கொஞ்ச நேரம் பார்த்தன. பிறகு கூட்டமாக இறங்கிக் கதிர்களில் உட்கார்ந்தன.

பாலித் தீவின் கிழக்குச் சரிவில் இன்னும் வெயில் ஏறவில்லை. ஆகுங் மலையின் உச்சி மட்டும் வெளுத்திருந்தது. படிப்படியாக இறங்கும் வயல்களில் ஆற்றை ஒட்டிய தட்டுகள் அவளுடையவை.

கதிர் பால் பிடித்திருந்தது.

போன மாதம் நெல் சூல் கொண்டபோது, பிள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுப்பதுபோல, வயல் மூலையில் உள்ள சின்னக் கல் கோயிலில் புளிப்புப் பழங்களை வைத்துப் படைத்திருந்தாள். இனி அறுப்பு வரைக்கும் காவல். குருவிகள் அலகால் நசுக்கிப் பாலை உறிஞ்சிவிட்டால் மிஞ்சுவது பதர்தான். பதரைப் பொங்கிச் சாப்பிட முடியாது.

சேற்றில் இறங்கிப் பக்கத்துக் கம்பிலிருந்த டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள்.

உள்ளே மடித்து அடைத்த ஒரு வெள்ளைக் கைத்துண்டு. ஓரத்தில் நீல நூலால் விடுதியின் பெயர்.

அடைக்கிற துண்டையும் மடித்து அடைக்கிறவன் ஊரில் ஒருத்தன்தான்.

அர்தானா. அவள் கொழுந்தன் மகன். வயலுக்கு மேலே, மேட்டில் எழும்பியிருக்கும் விடுதியில் மேனேஜர். நேற்று சாயங்காலம் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வரப்பில் வந்து நின்றான்.

"ஒன்பது மணி வரைக்கும் சத்தம் வேண்டாம் பெரியம்மா. கெஸ்ட்டெல்லாம் தூங்குறாங்க."

அவள் பதில் சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. அவன் வீட்டு அடுப்பில் வேகிற அரிசியும் இந்த வயலில் விளைகிறதுதான்.

வருகிறவர்களுக்கு விடுதியில் ஒரு வரைபடம் கொடுக்கிறார்கள். அருவி, தறி நெய்யும் கிராமம், குன்றின் மேல் கோயில். கடைசியில் அவள் வயல். அதற்கு அவர்கள் வைத்த பெயர் அமைதியான வயல். யாரைக் கேட்டு வைத்தார்கள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. கதிர் பால் பிடித்த நேரத்தில் அமைதியாகக் கிடந்தால் அது வயல் இல்லை. குருவிக்குப் போட்ட பந்தி.

அவள் கத்தினாள்.

வார்த்தை எதுவும் இல்லை. வெறும் குரல்.

கணவனை எரித்த அன்று அவள் அழவில்லை. அழுதால் போகிற உயிருக்கு வழி தடுமாறும் என்று அந்த ஊரில் அழ விடமாட்டார்கள். அன்று அடக்கிய தொண்டை இன்று திறந்துகொண்டது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

சில்லைகள் மொத்தமாக எழும்பின.

மேலே ஜன்னல்கள் திறந்தன. மாடியில் ஆட்கள் வந்து நின்றார்கள். எல்லார் கையிலும் போன்.

அர்தானா வரப்பில் ஓடிவந்தான். இன்றைக்கு ஷூவைக் கழற்றவில்லை. அவள் சண்டைக்குத் தயாராகத்தான் நின்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு பெரியம்மா. நாளைக்கு ஒன்பது மணிக்கு இதையே இன்னொரு தடவை பண்ணுங்க. மாடியைப் பாத்து நின்னு."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. துண்டை அடைத்தபோதுகூட இவ்வளவு கோபம் வரவில்லை.

"குருவிகிட்டயும் நேரத்தைச் சொல்லிட்டியா?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் முதல் டப்பாவிலிருந்த துண்டை உருவினாள். உதறினாள். அதே கம்பின் உச்சியில் கட்டினாள். விடுதியின் பெயர் விடுதியைப் பார்க்கும்படி திருப்பிக் கட்டினாள். காற்றில் அது படபடத்தது.

அடுத்த கம்புக்குப் போனாள்.

"வேண்டாம் பெரியம்மா. போட்டோவுல விழும்."

விழுவதற்குத்தான் கட்டினாள். ஒவ்வொரு கம்பாகப் போனாள். பச்சை வயல் நெடுக வெள்ளைத் துண்டுகள் ஆடத் தொடங்கின. அவன் கூடவே நடந்தான். பிறகு அவளை முந்திப் போய்க் கடைசிக் கம்பின் அருகில் நின்றுகொண்டான்.

அவள் அந்தக் கம்புக்குப் போகவில்லை. அவனையும் அதையும் அப்படியே விட்டுவிட்டுக் கயிற்றின் முனை கட்டியிருந்த காவல் குடிசைக்குத் திரும்பினாள்.

மாடியில் போன்களை நீட்டியபடி காத்திருந்தார்கள். அவள் குரலுக்காக. விடுதி முதலாளியும் வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்.

அவள் கத்தவில்லை. உட்கார்ந்தாள். ஆற்றுக்கு மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டுக் குருவிக் கூட்டம் திரும்பி வரும்வரை கயிற்றைப் பிடித்தபடி இருந்தாள்.

வந்தது. இழுத்தாள்.

தகரங்கள் அலறின. மேலே யாரோ காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்கள். கூட்டம் சிதறி மேலே போனது. வயல் மேல் அலைந்தது. சத்தமில்லாத மூலையைக் கண்டுபிடித்தது. அங்கே ஒரு டப்பா மட்டும் ஊமையாக ஆடிக்கொண்டிருந்தது. சில்லைகள் அர்தானாவின் கைக்கு எட்டும் தூரத்தில் இறங்கித் தின்னத் தொடங்கின.

அவன் மாடியைப் பார்த்தான். முதலாளி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் கதிரைப் பார்த்தான்.

அவள் கூப்பிடவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டாள். மலையைப் பார்த்து உட்கார்ந்தபடியே இழுத்தாள்.

கடைசி டப்பாவும் கத்தியது.