ரெஃபிக்கா, நெர்மினா

போஸ்னியாவில், ஸும்ராவின் அடுப்படி மேசையில் காலை வெயில் செப்புக் காபிச் சட்டியைத் தொட்டு நிற்கிறது. காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்திலிருந்து வந்த லெயிலா தன் கிண்ணத்தைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறாள். போரில் தொலைந்த ஸும்ராவின் மகன்கள் ரெஃபிக், நெர்மின் இருவரில் ஒருவனுடைய எலும்பு கிடைத்திருக்கிறது.

"டி.என்.ஏ.வுல சில இடத்துல ஒரே துணுக்கு திரும்பத் திரும்ப வரும்மா. எத்தனை தரம்னு எண்ணி உங்க ரத்தத்தோட ஒப்பிட்டோம். உங்க பிள்ளைதான், சந்தேகமே இல்ல."

"எந்தப் பிள்ளை?"

"அதான் சொல்ல முடியலம்மா. அண்ணனா இருந்தாலும் தம்பியா இருந்தாலும் உங்களோட இப்படித்தான் பொருந்தும். ஒருத்தருக்காவது குழந்தை இருந்தா கண்டுபிடிச்சிரலாம். எலும்ப வச்சு வயசப் பாத்துப் பிரிக்கலாம்னா, ரெண்டு பேருக்கும் ஒரு வருஷந்தான் வித்தியாசம்."

ஸும்ரா சர்க்கரைக் கட்டியைக் காபியில் முக்கி எடுத்தவள் கடிக்க மறந்துபோகிறாள். அது விரலிடுக்கில் கரைந்து மேசைவிரிப்பில் பழுப்பாகச் சொட்டுகிறது. ஜூலையில் அடக்கம். பச்சைத் துணி போர்த்திய பெட்டிக்கு ஒரு பெயர் வேண்டும். அவள் அடுப்பைப் பார்க்கிறாள், பிறகு தன் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கதவை.

"அடுப்புல நிக்கும்போது தண்ணி வேணும்னா, அவசரத்துக்கு ரெண்டு பேர் பேரையும் சேத்துத்தான் கூப்பிடுவேன்" என்கிறாள். "காதுல விழுந்தவன் வந்து தண்ணிய வச்சிட்டுப் போவான். எவன் வந்தான்னு நான் திரும்பிப் பாத்ததே இல்லையே, பொண்ணே."