ஒருவருக்கு ஓர் இணைப்பு

விழுப்புரம் ஜங்ஷனில் வைஃபை லாகின் பக்கம் திறக்கவே இல்லை. லேப்டாப்பை உதவி மேசைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த பெண் தட்டிப் பார்த்தாள்.

“ஒருத்தருக்கு ஒரு இணைப்புதான் சார். உங்க நகல் ஏற்கெனவே உள்ள இருக்கு. உங்கப்பாகிட்ட பேசிட்டிருக்கு.”

தினமும் சாயங்காலம் அப்பாவோடு என் குரலில் பேசும் வேலையை என் ஏஐ நகலிடம் விட்டு இரண்டு வருடம் ஆகிறது. அதையே மறந்திருந்தேன்.

“அதை கட் பண்ணிடறேன், நீங்களே பேசுங்க,” என்று அந்த அழைப்பை ஸ்பீக்கரில் போட்டாள்.

“முன்னெல்லாம் போனை எப்ப வைக்கலாம்னு பறப்பே,” என்று நகலிடம் சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா. “இப்பதான்டா மகன்கிட்ட பேசுற மாதிரி இருக்கு.”

அவள் விரல் கட் பட்டனுக்குப் போனது.

“கட் பண்ணாதம்மா,” என்றேன், தலை நிமிராமல். “அவர் பேசி முடிக்கட்டும். எனக்கு அவசரமில்ல.”