நடு மேசையில் ஒரு டப்பா

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். தட்டில் போட்ட சோறு ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற கதை ஒன்று சொல்கிறேன். கொட்டாவி விடுகிறவர்களுக்குக் கிடையாது.

அம்மா கொதிக்கிற தண்ணீரைச் சூடு காக்கும் சாப்பாட்டு டப்பாவுக்குள் ஊற்றி இறுக மூடினாள்.

எடுத்த எடுப்பில் சோற்றைப் போட்டால் டப்பாவின் குளிர்ச்சி அதன் சூட்டைத் தின்றுவிடும். முதலில் டப்பாவின் வயிறு சூடாக வேண்டும். அப்புறம் தண்ணீரைக் கொட்டி, துடைத்து, விளிம்பு வரை அடைக்க வேண்டும். காலி இடம் விட்டால் மத்தியானத்துக்குள் ஆறிப்போகும்.

மகளுக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். பல் தேய்க்கும்போதுகூடப் பேசுகிறவள் இன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

காரணம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவரலாம். மேல்வகுப்புப் பிள்ளைகள் மட்டும் கேன்டீனில்தான் சாப்பிட வேண்டும் என்று இந்த வருடம் புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். வாயாடி இப்போது மேல்வகுப்பு.

பெற்றோர் கூட்டத்தில் கேன்டீன் காண்ட்ராக்டர் மேடையேறி நெஞ்சை நிமிர்த்தினார்.

"எங்க சமையக்காரம்மா பொண்ணே இங்கதாங்க சாப்பிடுது. அதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

கூட்டம் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போயிற்று. கடைசி வரிசையில் இருந்த அம்மாவும் எழுந்து வந்தாள்.

அதற்குப் பிறகு மகள் மூன்று தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினாள்.

மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று அம்மா ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இன்று விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள்.

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சமையலறை வாசலில் வந்து நின்றார். "உன் வீம்புக்கு இருக்கிற வேலையும் போகப் போகுது, பாத்துக்க."

"போனா போகட்டும். கையையுமா புடுங்கிக்குவாங்க?"

பருப்பு ஊற்றிப் பிசைந்த சோறு டப்பாவின் கழுத்து வரை ஏறியது. மேலே ஒரு அவித்த முட்டை. மூடியைத் திருகிய திருகலில் அவள் புறங்கை நரம்பு புடைத்தது.

"நடு மேசையில போய் உக்காரு. எல்லாரும் பாக்கிற மாதிரி திற."

"எல்லார் முன்னாடியுமாம்மா?"

"ஒளிஞ்சு திங்க இது என்ன திருட்டுச் சோறா?"

பள்ளிக்கூட வாசலில் வாட்ச்மேன் மகளின் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "வீட்டுச் சாப்பாடு உள்ள போகக் கூடாதும்மா. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்ண்ணே. டப்பா திரும்பினா அதுகூடவே நானும் திரும்பிடுவேன். மத்தியானம் இத்தனை பிள்ளைங்களுக்கும் நீங்களே பதில் சொல்லிக்குங்க."

வாட்ச்மேன் அவளைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். பிறகு தெருப்பக்கம் திரும்பிக்கொண்டு, "இந்த வெயில்ல எனக்குக் கண்ணே சரியாத் தெரியல" என்றார்.

வெயில் இன்னும் ஏறியிருக்கவில்லை.

மத்தியான மணி அடித்தது. கேன்டீன் கூடத்தில் தட்டுகளின் சத்தம். மேல்வகுப்புப் பிள்ளைகள் தட்டும் கையுமாக வரிசையில் நின்றார்கள். வாயாடி மட்டும் வரிசையைத் தாண்டிப் போய் நடு மேசையில் உட்கார்ந்தாள்.

மூடியைத் திருகினாள்.

ஆவி குபுகுபுவென்று எழுந்தது. பருப்பு வாசனை ஒவ்வொரு தலையாகத் திருப்பிக்கொண்டே போயிற்று.

காண்ட்ராக்டர் மூலையில் இருந்து பார்த்தார். ஓரடி எடுத்து வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவரை முந்திக்கொண்டு, அன்றைக்குக் கூடத்தைப் பார்த்துக்கொள்ள வந்த புது டீச்சர் வந்தாள். "சட்டம் தெரியாதா உனக்கு? நாளைக்கு உங்கம்மாவைக் கூட்டிட்டு வா. நான் பேசிக்கிறேன்."

பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததிலிருந்து பூட்டிக் கிடந்த வாய் அப்போதுதான் திறந்தது.

"நாளைக்கு எதுக்கு டீச்சர்? இங்கதான் நிக்கிறாங்க."

வாயாடி ஸ்பூனைத் தூக்கி நேராகக் காட்டினாள். கூடம் மொத்தமும் ஸ்பூன் காட்டிய பக்கம் திரும்பியது.

பரிமாறுகிற மேடைக்கு அந்தப் பக்கம், இடுப்பில் ஏப்ரனும் கையில் கரண்டியுமாக அம்மா நின்றிருந்தாள்.

முதல் தட்டு அவள் முன்னால் நீண்டிருந்தது.

நேற்று மிஞ்சியதை இன்றைய அண்டாவில் கலக்க வேண்டாம் என்று காண்ட்ராக்டரிடம் தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தாயிற்று. இனி வாயால் சொல்ல ஒன்றும் இல்லை.

கரண்டியை அண்டாவுக்குள்ளேயே கவிழ்த்தாள். அண்டாவை மேடையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். காலிப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினாள்.

காண்ட்ராக்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்க பிள்ளைங்களா. புதுசா வடிக்கிறேன்."

முதலில் நின்ற பையன் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் வரிசை முழுவதும் உட்கார்ந்தது.

உங்கள் வீட்டு அடுப்பு என்றைக்கும் அணையாமல் இருக்கட்டும், கண்ணுகளா. ஆக்குகிற கை தன் பிள்ளைக்குப் போடக் கூசாத சோறாகவே அதில் வேகட்டும்.