ஒரு கைப்பிடி, உப்பில்லாமல்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஸ்கேன் முடிந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. நாலு தடவை தண்ணீர் குடித்துவிட்டான், மூன்று தடவை கழிவறைக்குப் போய்வந்துவிட்டான். அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் வேறு ஒவ்வொரு முறையும் தரைக்கு ஒரு விரல்கடை மேலே நின்று கதவைத் திறந்தது. வேறு நாளாக இருந்தால் யாரையாவது பிடித்து நிறுத்திச் சொல்லியிருப்பான்.

அவனுடைய கல்லீரலில் கொழுப்பு பத்து சதவீதத்துக்குக் கீழே வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் கல்லீரலில் பாதியை வெட்டி எடுத்து, இரண்டு மாடி மேலே உடம்பெல்லாம் மஞ்சளாகிக் கிடக்கும் அண்ணனுக்கு வைப்பார்கள். வராவிட்டால் அண்ணனுக்குக் கொடுக்க வேறு ஆள் இல்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் எடுத்தபோது இருபத்திரண்டு. டாக்டர் அவன் தொப்பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எண்ணெய்ப் பண்டம், கிரீம் பன் எல்லாவற்றுக்கும் முழுக்குப் போடச் சொன்னார். பசித்தால் பாதாம், வால்நட், பூசணி விதை. ஒரு கைப்பிடி, உப்பில்லாமல்.

அன்றிலிருந்து அண்ணி பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில் பொட்டலம் வந்துவிடும், கூடவே பிரசங்கமும். வால்நட்டில் இருப்பது நல்ல கொழுப்பாம். விதையில் நார்ச்சத்தாம், வயிறு திம்மென்று இருக்குமாம், கண்டதைத் தின்னத் தோன்றாதாம். டாக்டரே அவ்வளவு பேசவில்லை. வேலையிடத்தில் அவனுக்கு அணில் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அண்ணன் மட்டும் வாரா வாரம் போன் செய்து, எடை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேட்பார். இரண்டு கிலோ என்றால், அப்படியா என்று சொல்லி வைத்துவிடுவார். நன்றி என்று ஒரு வார்த்தை கிடையாது. மனுஷனுக்கு உயிர் மேல் எவ்வளவு ஆசை பார் என்று இவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பயம்தான், வேறென்ன. பத்து மாடி உயரத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை செய்கிறவனுக்கு, கத்தி என்று நினைத்தாலே ஈரக்குலை நடுங்கியது. வெட்டப்போவதும் அதைத்தான், பாவம், அது நடுங்காமல் என்ன செய்யும். வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். மனைவி போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

போன வாரம் அவன் ஒரு திருட்டுத்தனம் செய்தான். பொட்டலத்தைப் பையிலேயே போட்டுவிட்டு, கிரீம் பன் வாங்கினான். கொழுப்பு ஏறினால் ஏறட்டும், கடவுளே பார்த்து வேண்டாமென்று சொன்ன மாதிரி ஆகிவிடும். பாதி பன்னுக்கு மேல் இறங்கவில்லை. மூன்று மாதம் விதை கொறித்த வாய்க்கு அது திகட்டியது.

உறுப்பு கொடுக்க வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ளும் மேடம் கதவைத் திறந்து கூப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணியும் எழுந்தாள். அவர் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, மேடம் கதவைச் சாத்தினார்.

ஆறு.

பாழாய்ப்போன பருப்பு வேலை செய்துவிட்டது.

மேடம் சிரித்துக்கொண்டே கை கொடுத்தார்.

முதல் நாளே இந்த மேடம் அவனைத் தனியாக உட்கார வைத்து ஒன்று சொல்லியிருந்தார். எந்த நேரத்தில் வேண்டாமென்று தோன்றினாலும் அவரிடம் சொன்னால் போதும். பொருந்தவில்லை என்று வீட்டாரிடம் சொல்லிவிடுவார்கள், உண்மையான காரணம் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அவன் அதெல்லாம் நமக்குத் தேவைப்படாது என்பது போலப் பெரிய மனுஷனாகச் சிரித்துவைத்தான்.

இப்போது அதைக் கேட்டான்.

மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். வெளியே அண்ணியிடம் மேடமே சொல்லிவிட வேண்டும், அந்த முகத்தைப் பார்த்துத் தன்னால் பொய் சொல்ல முடியாது என்றான். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. சொல்லி முடித்த கையோடு எழுந்துபோய்க் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டான்.

மேடம் அவனைத் தடுக்கவில்லை.

“நான் இதைச் சொல்லக் கூடாதுதான். உங்க அண்ணன் காலையிலயே வீல்சேர்ல இங்க வந்துட்டாரு. ஸ்கேன்ல என்ன வந்தாலும் சரி, பொருந்தலைன்னு உங்ககிட்ட சொல்லிடச் சொல்லி என் கையப் பிடிச்சுக்கிட்டாரு.”

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

ஆபரேஷனை எந்தத் தேதியில் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டான்.