துணை இயக்குநரின் வால்

வாலை மிதித்தது சவரிமுத்துதான். அதில் அவருக்கே சந்தேகமில்லை. ஒரு கையில் பார்சலும் மறு கையில் செல்போனுமாக, சர்வதேசக் கொசு ஒழிப்பு நிறுவனத்தின் திருச்சி அலுவலகத்துக்குள் பராக்குப் பார்த்துக்கொண்டே நுழைந்தார். வாலுக்கு உரியவர் அவருடைய கெண்டைக்காலைக் கவ்விவிட்டார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை சொன்னது: 'துணை இயக்குநர், மோப்பப் பிரிவு.'

"எனக்குக் கோபமெல்லாம் இல்லம்மா. பாவம், அதுக்கும் வலிச்சிருக்கும். வெறிநாய் ஊசி போட்டிருக்கான்னு மட்டும் சொல்லுங்க" என்றார் வரவேற்பறைப் பெண்ணிடம்.

"அதுன்னு சொல்லாதீங்க சார். அவர் டியூட்டியில இருக்கும்போது கடிச்சிருக்கார். அவருக்குச் சட்ட விலக்கு இருக்கு, கோர்ட்டே கேள்வி கேக்க முடியாது. அவரோட மருத்துவ ஃபைலையும் யாருக்கும் காட்டக்கூடாது."

"அப்ப யார்தான் கேக்கிறது?"

"தலைமையகம் அந்த விலக்கை நீக்கினா நீங்களே கேக்கலாம். மனு போடுங்க, ஒரு வருஷத்துல பதில் வந்துரும்."

"அதுவரைக்கும் நான் இருப்பேனாம்மா?"

"அதைச் சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல சார்."

சவரிமுத்து துணை இயக்குநரின் முகத்தைப் பார்த்தார். அவரும் கருத்து ஏதும் சொல்லவில்லை.

நொண்டிக்கொண்டே பெரியாஸ்பத்திரிக்குப் போனார். "எது கடிச்சுது?" என்று கேட்டார் நர்ஸ்.

"துணை இயக்குநர்."

"மனுஷனா, நாயா?"

சவரிமுத்துவுக்கு இப்போது அதுவும் குழப்பமாகிவிட்டது. "பார்க்க நாய் மாதிரிதான் இருந்தார். ஊசி போட்டவரான்னு கேக்கக்கூடாதாம். எனக்கு என்னம்மா ஆகும்?"

"நாய்க்கு என்ன சட்டம் வேணாலும் இருந்துட்டுப் போகட்டும்ணே. ஊசி போட்டுக்கிட்டா பொழைச்சுக்குவீங்க. போடலைன்னா செத்துருவீங்க. போய் சோப்புப் போட்டுக் காலைக் கழுவிட்டு வந்து, சட்டைக் கையை மடிங்க."