சர் டெவ்ரிக்கின் வீரம்

"விசுவாசம்னா என்னன்னு இன்னைக்குக் காட்டுடா, இத்தெல்," என்றார் சர் டெவ்ரிக், தன் கவசத்தை எடுபிடிப் பையனுக்கு மாட்டிவிட்டபடி. அவர் உடம்பில் இருந்ததோ இத்தெலின் கந்தல் சட்டை.

"பிரபு, சர் கின்வால் என்னைக் கொன்னுடுவாரே!"

"ஜெயிச்சா புகழ் எனக்கு, செத்தா சொர்க்கம் உனக்கு. இதைவிட நியாயம் வேணுமா? தலைக்கவசத்தை மட்டும் கழட்டிடாதே."

கேமலாட் மைதானத்தில் ஈட்டிப் போட்டிக்கான கொம்பு முழங்கியது. ஈட்டியோடு பாய்ந்து வந்த கின்வாலைப் பார்த்ததும் இத்தெல் கண்ணை மூடிக்கொண்டு குதிரையைத் தட்டிவிட்டான். முதல் மோதலில் இரண்டு ஈட்டிகளும் குறி தவறின. மிரண்ட தன் குதிரையைக் கின்வால், "வாடா ராசா, பயப்படாதேடா கண்ணு" என்று கொஞ்சி அடக்கினார்.

இத்தெல் திடுக்கிட்டான். எந்தப் பிரபு குதிரையைக் கொஞ்சினார்? சாட்டையால் அல்லவா பேசுவார்கள்! லாயத்தில் கிடப்பவன்தான் கொஞ்சுவான்.

அருகில் போய்க் கிசுகிசுத்தான். "டேய், கின்வாலோட எடுபிடி ரோட்ரிதானே நீ?"

இரும்புக்குள்ளிருந்து குரல் வந்தது. "இத்தெலா? உங்காளும் உன்னைத்தான் அனுப்பினானா?"

கூட்டம் வாய்பிளக்க, இரண்டு மாவீரர்களும் ஈட்டிகளை எறிந்துவிட்டுக் கோட்டை வாசல் வழியாகப் பறந்தார்கள். காவலர்கள் குனிந்து வணங்கி வழிவிட்டார்கள்.

கூடாரங்களுக்குப் பின்னாலிருந்து கந்தல் சட்டையில் இருவர் அலறிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"ஐயோ, என் குதிரை! நான்தான் டெவ்ரிக் பிரபு!"

"நான்தான் கின்வால்!"

லாயத் தலைவன் இருவர் பிடரியிலும் ஆளுக்கொன்று வைத்தான்.

"பிரபுவாம் பிரபு! எஜமானுங்க கிளம்பிட்டா வேலை இல்லைன்னு நினைப்பா? போய்க் குதிரை லத்தியை அள்ளுங்கடா!"