நூற்றுப்பத்தில் நிற்கும் முள்

“மூடியைத் திறந்துடாத, மஜீதா. சூடு காட்டுற முள்ளு நூத்திப்பத்து டிகிரியிலேயே நிக்கணும்” என்று நான்காவது முறையாகச் சொல்லிவிட்டு ஜும்மா தொழுகைக்குக் கிளம்பினான் ஹாலித். துபாயிலிருந்து அவன் சுமந்து வந்த கரி அடுப்பு, பாலக்கரை வீட்டு மொட்டைமாடியில் காலை ஒன்பது மணியிலிருந்து புகைந்துகொண்டிருந்தது. உள்ளே ஒரு முழு ஆட்டுத்தொடை.

மூன்று மணிக்கு விருந்து. மஜீதாவின் தங்கை சம்ரீன் தொட்டதுமே கறி எலும்பை விட்டுக் கழன்றது.

“மச்சான், பஞ்சு மாதிரி இருக்கே! எப்படி?”

“எல்லாம் சூட்டைக் காப்பாத்துறதுல இருக்கும்மா. ஏறினா காத்துத் துவாரத்தைக் கொஞ்சம் மூடணும், இறங்கினா திறக்கணும். ஆறு மணி நேரம் முள்ளு ஒரு டிகிரி அசையல!”

மஜீதா பக்தியோடு தலையாட்டினாள்.

பாத்திரம் கழுவப் போன சம்ரீன் அக்காவைக் கூப்பிட்டாள்.

“பெரிய குக்கர்ல எப்படிக்கா இவ்வளவு கறிக்கொழுப்பு?”

“மெதுவா பேசுடி. அவரு பள்ளிவாசலுக்குப் போனதும் கரி அணைஞ்சுபோச்சு. கறியை எட்டு விசில் விட்டு, புதுக் கரி மூட்டி, மறுபடி உள்ள வெச்சுட்டேன்.”

“முள்ளு அசையவே இல்லன்னாரே?”

“எங்கேர்ந்து அசையும்? போன வாரம் நான் அடுப்பைக் கழுவினதுலேர்ந்து அது அங்கேயேதான் நிக்குது.”